எண்ணெய் ஏகபோகத்தை எதிர்த்து நின்றவர்

2024-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இத்தாலிய சர்க்கார் ஆப்பிரிக்க தேசங்களின் தலைவர்களை ரோமாபுரிக்கு அழைத்து ஒரு மகாநாடு நடத்தியது. 550 கோடி யூரோ பெறுமான திட்டம் ஒன்று அங்கே பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு மாத்தேயி திட்டம் என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் அந்த மகாநாட்டு மேடையிலேயே ஆப்பிரிக்க ஐக்கியக் கமிஷனின் தலைவர் எழுந்து, திட்டத்தை வகுக்குமுன் தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். எந்த மனிதருடைய பெயர் அத்திட்டத்திற்கு இடப்பட்டதோ, அவர் தம் வாழ்நாளில் எண்ணெய் விளையும் தேசத்தைச் சமபங்காளியாக உட்காரவைத்துப் பேசியதற்காகவே பெரிய வல்லரசுகளின் பகையைத் தேடிக்கொண்டவர். ஆகையால் என்ரிகோ மாத்தேயி யார், அவர் செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்பதை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மாத்தேயி 1906-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி மத்திய இத்தாலியில் அக்வாலாஞா என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் போலீஸ் படையில் கீழ்நிலை உத்தியோகஸ்தர், குழந்தைகள் ஐவர். பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. பையன் முதலில் இரும்புக் கட்டில்களுக்கு வர்ணம் பூசும் வேலையிலும், பிறகு ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் சேர்ந்தான். இருபது வயதைக் கடப்பதற்குள் அத்தொழிற்சாலையின் நிர்வாகமே அவர் கைக்கு வந்துவிட்டது. 1929-ல் மிலான் நகரம் சென்று, தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ரஸாயனப் பொருள்களை விற்றுவந்தார். சில வருஷங்களில் சொந்தத்தில் ஒரு கம்பெனியும் ஏற்படுத்தினார். அக்காலத்தில் பாஸிஸ்டுக் கட்சியின் அங்கத்தினர் சீட்டையும் அவர் வாங்கியிருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. பிற்காலத்தில் அவரை வீரராகப் போற்றுவோர் இவ்விஷயத்தைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

1943-ல் முஸோலினியின் ஆட்சி சரிந்து, ஜெர்மானியர் வட இத்தாலியை ஆக்கிரமித்தபோது மாத்தேயி தம் பாதையைத் தேர்ந்துகொண்டார். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் சார்பில் விடுதலைப் படையின் தலைமைக் குழுவில் இடம்பெற்றார். பணம் திரட்டுவதிலும், உணவும் ஆயுதமும் கொண்டுசேர்ப்பதிலும் அவருக்கிருந்த சாமர்த்தியம் விரைவில் வெளிப்பட்டது. 1944 அக்டோபரில் கைதானார். டிசம்பரில் கோமோ நகரச் சிறையினின்று தப்பினார். யுத்தம் முடிந்து 1945 மே மாதத்தில் மிலான் வீதிகளில் விடுதலைப் படைகள் ஊர்வலம் வந்தபோது முன்வரிசையில் நடந்த தலைவர்களில் அவரும் ஒருவர்.

இனி வருவதுதான் விசேஷமான கட்டம். அதிகாரத்திற்கு வந்தவர்கள் மாத்தேயிக்கு ஒரு சில்லறைப் பதவி கொடுத்தார்கள். ஆஜிப் என்பது 1926-ல் பாஸிஸ்டு சர்க்கார் நிறுவிய எண்ணெய் ஸ்தாபனம். இருபது வருஷம் பூமியைத் தோண்டியும் சொல்லும்படியான எண்ணெய் கிடைக்கவில்லை; பொதுப் பணம் விரயமாகிறதென்று ஜனங்கள் அதைப் பரிகசித்தனர். அதை மூடி, சாமான்களை விற்றுக் கணக்கை முடிக்கும்படி மாத்தேயிக்கு உத்தரவாயிற்று. வாங்கிக்கொள்ளத் தனி முதலாளிகள் தயாராயிருந்தனர். அவர் வேறு எவராயிருந்தாலும் ஆறு மாதத்தில் கடையைக் கட்டியிருப்பார்.

மாத்தேயி முதலில் செய்தது, ஸ்தாபனத்தின் பழைய என்ஜினீயர்களை அழைத்து விசாரித்ததாகும். லோடி நகரத்திற்கருகில் காவியாகா என்ற இடத்தில் 1944-ல் தோண்டிய கிணறு ஒன்றில் இயற்கை எரிவாயு பீறிட்டு வந்ததையும், ஜெர்மானியர் கையில் அகப்படாதிருக்க அச்செய்தியை அடக்கிவைத்ததையும் அவர்கள் தெரிவித்தனர். இத்தாலியில் நிலக்கரி மிக அற்பம். தொழிற்சாலை அடுப்புகள் எரிவதற்கு முதலில் பிரிட்டனையும், பிறகு ஜெர்மனியையும் நம்பியிருந்த தேசம் அது. யுத்த காலத்தில் அந்த நம்பிக்கைக்கு இத்தாலி கொடுத்த விலையைக் கண்ணால் கண்டவர் மாத்தேயி. மூடும்படி வந்த உத்தரவைப் பெட்டியில் போட்டுவிட்டு, கிணறுகளை மறுபடியும் தோண்டச் சொன்னார். 1946-ல் காவியாகாவிலேயே மேலும் வாயு கிடைத்தது. 1949-ல் கோர்த்தெமஜோரே என்னுமிடத்தில் வாயுவுடன் சிறிது எண்ணெயும் வந்தது. அந்தச் சிறிதளவைப் பத்திரிகைகள் மலையாக்கிக் காட்டியதை அவர் தடுக்கவில்லை. எண்ணெய் என்ற சொல்லுக்கு இருந்த மயக்கம் வாயு என்ற சொல்லுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எரிவாயு எண்ணெயைப் போன்றதன்று. எண்ணெயைப் பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றி எந்தத் துறைமுகத்திற்கும் அனுப்பலாம். வாயுவுக்கோ கிணற்றிலிருந்து அடுப்பு வரையில் குழாய் வேண்டும். குழாய் பதித்தவன் கையில் வாணிபம் நின்றுவிடும். இதை அறிந்த மாத்தேயி, போ நதிச் சமவெளி முழுவதும் அசுர வேகத்தில் குழாய் பதித்தார். அனுமதி கேட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் அனுமதி கேட்பதையே விட்டுவிட்டார். இரவோடிரவாக ஆட்கள் வந்து வயலையும் வீதியையும் வெட்டிக் குழாயைப் புதைத்துவிட்டுப் போவார்கள். விடிந்து பார்த்த நகரசபைத் தலைவர்கள் கூச்சலிடுவார்கள். பாதி வெட்டிய வீதியை மூட வேண்டுமானால் வேலை முடிந்தாக வேண்டும் என்று பதில் வரும். இவ்வாறு மீறிய சட்டங்களும் உத்தரவுகளும் ஆயிரக்கணக்கானவை என்று அவரே பெருமை பேசியதுண்டு. மிலானிலும் டூரினிலும் இருந்த ஆலைகளுக்கு உள்நாட்டு எரிபொருள் ஓடத் தொடங்கியது. யுத்தத்திற்குப் பின் வட இத்தாலி அடைந்த கைத்தொழில் வளர்ச்சியில் இந்த வாயுவுக்குப் பெரும் பங்குண்டு.

விலை விஷயத்தில் அவர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. வாயுவைத் தோண்டி எடுக்க ஆகும் செலவு குறைவு. ஆனால் அவர் அச்செலவைப் பார்த்து விலை வைக்கவில்லை. அதே உஷ்ணத்தைத் தரக்கூடிய எண்ணெய்க்கு என்ன விலையோ அதையொட்டி வைத்தார். கிடைத்த லாபம் புதிய குழாய்களுக்கும், புதிய தேடல்களுக்கும், பின்னர் ரவென்னாவில் எழுந்த உர ஆலைக்கும் சென்றது. உபயோகிப்போருக்கு உரிய நன்மையை அவர் தட்டிப் பறித்தார் என்று எதிரிகள் குறை கூறினர். அக்குறையில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் அந்த லாபம் வெளிநாட்டுப் பங்குதாரர்களின் பைக்குள் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் கம்பெனிகளும் இத்தாலிய முதலாளிகளும் போ சமவெளியைத் தங்களுக்குத் திறந்துவிடக் கோரி நெருக்கினார்கள். பிரதம மந்திரி தெ காஸ்பெரியும், மந்திரி வனோனியும் மாத்தேயியின் பக்கம் நின்றனர். 1953 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டத்தின் மூலம் எனி என்ற தேசிய எண்ணெய் ஸ்தாபனம் பிறந்தது. போ சமவெளியின் வாயுவும் எண்ணெயும் அதற்கே பாத்தியமாயின. 1948 முதல் பார்லிமெண்டில் அங்கத்தினராயிருந்த மாத்தேயி, அப்பதவியை விட்டு ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்றார்.

அவருடைய வெற்றியின் மறுபக்கத்தை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை. காரியம் ஆகவேண்டுமென்றால் எந்தக் கட்சிக்கும் பணம் கொடுக்க அவர் தயங்கவில்லை. தாம் யாரை எதிர்த்துப் போராடினாரோ, அந்தப் பாஸிஸ்டுகளின் வாரிசுகளாக வந்த கட்சிக்கும் கொடுத்தார். கட்சிகள் அவருக்கு வாடகை வண்டிகள் போன்றவை. ஏறுவார், கூலி கொடுப்பார், இறங்கிவிடுவார். 1956-ல் வெளிவரத் தொடங்கிய ஒரு தினசரியும் அவர் பணத்தில் நடந்தது. தேசத்திற்காகச் செய்கிறோம் என்ற எண்ணத்தில் இலஞ்சத்தை ஒரு நிர்வாக முறையாக்கிய இந்த வழக்கம் அவரோடு மறையவில்லை. பின்வந்தவர்கள் தேசத்தை மறந்து வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1990-க்குப் பின் இத்தாலியைக் குலுக்கிய ஊழல் வழக்குகளில் எனியின் தலைவர்களும் சிக்கினார்கள்.

உள்நாட்டு வாயு ஒரு தேசத்தின் தேவை முழுவதையும் தீர்க்காது என்று அவர் அறிவார். வெளியே எண்ணெய் தேடப் புறப்பட்டபோது உலகச் சந்தையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்த ஏழு பெரிய ஆங்கில அமெரிக்கக் கம்பெனிகள் வழிமறித்தன. அவற்றிற்கு ஏழு சகோதரிகள் என்ற பெயரைப் பிரசித்தமாக்கியவர் மாத்தேயியே. ஈரானில் டாக்டர் மொஸாதெக் 1951-ல் எண்ணெயைத் தேசிய உடைமையாக்கியபோது அக்கம்பெனிகள் ஈரானிய எண்ணெயை எவரும் வாங்கலாகாதென்று பகிஷ்காரம் செய்தன. இத்தாலியின் சில சிறு வியாபாரிகள் துணிந்து வாங்கினர், மாத்தேயி வாங்கவில்லை. பெரியவர்களின் பந்தியில் ஓர் இலை கிடைக்குமென்று காத்திருந்தார். 1953-ல் மொஸாதெக் கவிழ்க்கப்பட்டார். அடுத்த வருஷம் ஈரானிய எண்ணெயைப் பங்கிட்ட கூட்டு ஸ்தாபனத்தில் இத்தாலிக்கு இடமில்லை. அவர் வாழ்க்கையில் நமக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுவே. ஒரு தேசபக்தர் தனித்து நின்று போராடியபோது மற்றொரு தேசபக்தர் கதவு திறக்குமென்று வாசலில் நின்றார், கதவும் திறக்கவில்லை.

வேட்டைக்குப் போன இடத்தில் கண்டதாக அவர் ஒரு சம்பவத்தைச் சொல்வதுண்டு. வேட்டை நாய்களுக்கு வைத்த கலத்தருகே மெலிந்த பூனைக்குட்டி ஒன்று பயந்து பயந்து வந்து வாய் வைத்ததாம். நாய் ஒரே கடியில் அதன் முதுகெலும்பை முறித்துவிட்டதாம். அந்தப் பூனைக்குட்டி இத்தாலி என்பதை ஜனங்களுக்கு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1957-ல் அவர் பதில் கொடுத்தார். அதுவரை கம்பெனிக்குப் பாதி, எண்ணெய் விளையும் தேசத்துக்குப் பாதி என்பதே மேற்கு ஆசியாவில் மிஞ்சிய தர்மமாயிருந்தது. மாத்தேயி ஈரானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் லாபத்தில் பாதி வரியாக ஈரானிய சர்க்காருக்குப் போய்விடும். மீதிப் பாதியை ஈரானின் தேசிய ஸ்தாபனமும் எனியும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். ஆக ஈரானுக்கு நூற்றுக்கு 75. தோண்டித் தேடும் செலவின் அபாயமும் இத்தாலியருடையதே. பங்கு அதிகமானது ஒருபுறமிருக்க, எண்ணெய்க்குச் சொந்தக்காரன் நிர்வாகத்திலும் பங்காளியாக உட்கார்ந்தான் என்பதே ஏழு கம்பெனிகளுக்கும் பெரிய அதிர்ச்சி. எகிப்திலும் மொராக்கோவிலும் இதே போக்கில் ஒப்பந்தங்கள் நடந்தன.

1960-ல் சோவியத் ருஷியாவுடன் பெரிய உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. ருஷியா சந்தை விலைக்கும் குறைவாக எண்ணெய் தரும்; இத்தாலி செயற்கை ரப்பரும் இரும்புக் குழாய்களும் கொடுக்கும். ஐரோப்பாவைக் கம்யூனிஸ்டுகளுக்கு அடகு வைக்கிறார் என்று வாஷிங்டனில் கூக்குரல் எழுந்தது. அதே வருஷம் இந்தியாவுக்கும் ருஷியா மலிவான எண்ணெய் தர முன்வந்ததையும், பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலைகள் வைத்திருந்த அன்னியக் கம்பெனிகள் அதைத் தொட மறுத்ததையும் நம்மவர் மறந்திருக்க முடியாது. தன் மண்ணில் நிற்கும் ஆலையில் எந்த எண்ணெயைச் சுத்தி செய்வது என்று நம் சர்க்காரால் அன்று கட்டளையிட முடியவில்லை. மாத்தேயியிடம் சொந்த ஆலைகள் இருந்தன. ஆகவே அவரால் பேரம் பேச முடிந்தது.

அல்ஜீரியாவில் நடந்த சுதந்திர யுத்தத்தின்போது ஸஹாரா எண்ணெயிலும் வாயுவிலும் இத்தாலிக்குப் பங்கு தரப் பிரெஞ்சுக்காரர் முன்வந்தனர். அந்நாடு சுதந்திரமடையும்வரை அங்கே கால் வைப்பதில்லை என்று மாத்தேயி மறுத்துவிட்டார். விடுதலை இயக்கத்தாருக்கு உதவியும் செய்தார். பிரெஞ்சு வெறியர்களின் ரகசிய ராணுவக் கூட்டம் அவருக்குக் கொலை மிரட்டல் விடுத்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரமடைந்தது. நவம்பரில் அங்கே செல்ல அவர் ஏற்பாடு செய்திருந்தார்.

அதற்குமுன் அவர் போன இடம் ஸிஸிலித் தீவு. எரிவாயு கிடைத்த காஞானோ என்னும் மலைக் கிராமத்தில் 1962 அக்டோபர் 27-ந் தேதி ஏழைக் குடியானவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பிழைக்க வழியின்றி ஜெர்மனிக்கும் பிற தேசங்களுக்கும் போன பிள்ளைகள் வீடு திரும்பும்படி அங்கேயே வேலை உண்டாக்குவதாக வாக்களித்தார். மாலையில் கத்தானியாவிலிருந்து சிறு ஜெட் விமானத்தில் மிலானுக்குப் புறப்பட்டார். இறங்க வேண்டிய சமயத்தில், மழையும் காற்றுமான இருட்டில், பஸ்காபே கிராமத்து வயல்களில் விமானம் விழுந்து நொறுங்கியது. அவரும், விமானியும், உடன் வந்த அமெரிக்க நிருபரும் இறந்தனர். மாத்தேயிக்கு வயது 56.

விபத்து என்று சர்க்கார் விசாரணை முடித்துவிட்டது. 1970-ல் அவருடைய கடைசி நாட்களைப் பற்றித் துருவிக்கொண்டிருந்த பலேர்மோ பத்திரிகையாளர் மௌரோ தெ மௌரோ ஒரு நாள் கடத்தப்பட்டார். அவர் உடல்கூட அகப்படவில்லை. 1990-களில் பாவியா நகர அரசாங்க வக்கீல் வழக்கை மறுபடியும் திறந்து, உடலைத் தோண்டி எடுத்துச் சோதிக்கச் செய்தார். விமானத்திற்குள் சிறு வெடிகுண்டு ஒன்று வெடித்ததென்று முடிவாயிற்று. வைத்தவர் யார், வைக்கச் சொன்னவர் யார் என்று கண்டுபிடிக்க இயலாமல் வழக்கு மூடப்பட்டது. மாபியாக் கூட்டம், பிரெஞ்சு ரகசிய ராணுவத்தார், எண்ணெய்க் கம்பெனிகள் என்று பல பெயர்கள் அடிபட்டன. நாம் எவர்மீதும் விரல் சுட்டத் துணியமாட்டோம்.

அவருக்குப் பின் இத்தாலியின் வாயுக் கணக்கு தலைகீழாயிற்று. உள்நாட்டுக் கிணறுகள் 1994-ல் வருஷத்திற்கு ஏறக்குறைய 2,000 கோடி கனமீட்டர் கொடுத்து உச்சத்தை எட்டின. 2021-ல் 350 கோடிக்கும் கீழே போய்விட்டன. தேவையோ 7,500 கோடிக்கு மேல். அந்த வருஷம் வெளியிலிருந்து வாங்கிய வாயுவில் சுமார் நூற்றுக்கு 40 ருஷியாவிலிருந்து வந்தது. 1969-ல் ஒப்பந்தமாகி 1974 முதல் ஓடிய ருஷிய வாயு, வாங்குவோர் பலரிடம் வாங்க வேண்டுமென்ற மாத்தேயியின் கொள்கையின் வழியே வந்ததுதான். ஆனால் ஏழு பேரிடமிருந்து தப்பி ஒருவரிடம் அகப்பட்டுக்கொள்வது அவர் கொள்கையன்று.

2022 பிப்ரவரியில் ருஷியா உக்ரேன்மீது படையெடுத்தது. ஏப்ரலில் இத்தாலியப் பிரதமர் திராகி அல்ஜியர்ஸ் நகருக்கு ஓடிச் சென்று அதிக வாயுவுக்கு ஏற்பாடு செய்துகொண்டார். அந்த வாயு ஸஹாராவில் புறப்பட்டு, துனிஸியாவைக் கடந்து, கடலடியில் ஸிஸிலியை அடைந்து வடக்கே செல்கிறது. அக்குழாய் 1983-ல் வேலைசெய்யத் தொடங்கியது. என்ரிகோ மாத்தேயி குழாய் என்பது அதன் பெயர்.