இருளில் பிறந்த கீதங்கள்
(பேனி கிராஸ்பி அம்மையாரின் வாழ்க்கைச் சாட்சி)

 

நம்ம சபையிலே பாட்டு எழுதணும் என்ற வாஞ்சையுள்ள வாலிபப் பிள்ளைகள் உண்டு. உட்கார்ந்தா வார்த்தை வரலையேன்னு சிலருக்குக் கவலை. நமக்கு நல்லா வருதுன்னு சிலருக்கு உள்ளுக்குள்ளே பெருமை. இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இந்த மாதச் சாட்சி பிரயோஜனமாயிருக்கும்.

1820-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பேனி பிறந்தாள். ஆறு வாரக் குழந்தையாயிருந்தபோது கண்ணில் நோய் வந்தது. வைத்தியன் என்று சொல்லி வந்த ஒருவன் கண்ணுக்குச் சூடான பற்றுப் போட்டான். அதனால்தான் பார்வை போயிற்று என்று குடும்பத்தார் நம்பினார்கள். ஒரு வயது நிறையுமுன்னே தகப்பனும் மரித்துப்போனார். இளம் விதவையான தாய் அடுத்தவர் வீட்டில் வேலை செய்து பிழைத்தார்.

பிள்ளைக்குக் கண்ணாக இருந்தது பாட்டிதான். சூரியன் மறைகிற அழகு, பூவின் நிறம், பறவையின் சத்தம் எல்லாவற்றையும் பாட்டி வார்த்தையினாலே அவளுக்குக் காட்டினார். வேதத்தை வாசித்து வாசித்து மனதில் பதிய வைத்தார். பிறகு குடியிருந்த வீட்டுக்கார அம்மாவும் வாரந்தோறும் அதிகாரம் அதிகாரமாய் மனப்பாடம் செய்ய வைத்தார். சிறு பிராயத்திலேயே மோசேயின் ஐந்து ஆகமங்களும் நான்கு சுவிசேஷங்களும் அவளுக்கு மனப்பாடம்! நாம பாட்டுப் புஸ்தகத்தைப் பார்க்காம இரண்டு சரணம் பாடத் தடுமாறுகிறோமே. பின்னாளில் ஊறின ஊற்றுக்கு அங்கேதான் கிணறு வெட்டப்பட்டது.

எட்டு வயதில் முதல் கவிதை. 1835-ல் நியூயார்க் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தாள். கவிதை சொன்னால் எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி தலைக்கு ஏறிவிடுமோ என்று தலைமை ஆசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். பிறகு, மூன்று மாதம் கவிதையே எழுதக்கூடாது என்று கட்டளையும் போட்டார். அந்த நாட்களில் பேனிக்குப் பாடத்தில் மனமே செல்லவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜார்ஜ் கோம்ப் என்ற விருந்தாளி, இந்தப் பிள்ளையை ஊக்கப்படுத்துங்கள் என்று சொன்ன பிறகு தடை நீங்கிற்று. அதன்பின் நல்ல கவிஞர்களின் பாடல்களைக் கேட்டு, அவர்கள் நடையைப் பழகி, யாப்பை ஒழுங்காகக் கற்றாள். தாலந்து இருந்தாலும் பயிற்சி வேணுமே! அந்தக் கண்டிப்பையும் பேனி கசப்பாக எண்ணவில்லை. அது தனக்கு நன்மையாயிற்று என்றே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1844-ல் முதல் கவிதைப் புத்தகம் வெளிவந்தது. அமெரிக்கப் பாராளுமன்ற அங்கத்தினர் முன்பாகவும் கவிதை சொன்னார். பேர் வந்தது, புகழ் வந்தது. ஆனால் உள்ளத்தில் இரட்சிப்பின் நிச்சயம் இல்லை. 1849-ல் நியூயார்க்கில் காலரா பரவிற்று. அம்மையார் ஓடிப்போகாமல் தங்கி நோயாளிப் பிள்ளைகளைப் பராமரித்தார். மரணத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது, தான் ஆயத்தமா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மெதடிஸ்ட் எழுப்புதல் கூட்டங்களில் இரண்டு தரம் முன்னே போய் முழங்காற்படியிட்டார். சமாதானம் கிடைக்கவில்லை. 1850 நவம்பர் 20 அன்று மூன்றாம் தரம் போனார். சபையார் ஐசக் வாட்ஸ் எழுதிய சிலுவைப் பாடலைப் பாடினார்கள். தன்னையே கொடுக்கிற அந்தக் கடைசிச் சரணம் வந்தபோது அவர் தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்தார். உள்ளமெல்லாம் வெளிச்சம்! அல்லேலூயா!

சங்கீதம் 40-ஐ வாசித்துப் பாருங்க. கர்த்தர் முதலில் குழியிலிருந்து தூக்குகிறார், கன்மலையில் நிறுத்துகிறார். அதற்குப் பிறகுதான் வாயிலே புதுப்பாட்டைக் கொடுக்கிறார்.

ஆனாலும் புதுப்பாட்டு உடனே வந்துவிடவில்லை. இன்னும் பல வருஷம் உலகப் பாட்டுகளுக்கு வார்த்தை எழுதினார். 1858-ல் அலெக்சாண்டர் வான் ஆல்ஸ்டைன் என்ற பார்வையற்ற இசை ஆசிரியரை விவாகம் செய்தார். பிறந்த ஒரே குழந்தை சீக்கிரமே இறந்துபோயிற்று. 1864-ல், 43 வயதில், வில்லியம் பிராட்பரி என்ற இசை அமைப்பாளர் கேட்டபோதுதான் அவருக்காக ஞானப்பாட்டு எழுதத் தொடங்கினார். தன் வேலை இதுதான் என்று அப்போது கண்டுகொண்டார்.

ஜெபிக்காமல் எழுத உட்காருவதில்லை. மனதிலேயே முழுப் பாட்டையும் கட்டி, திருத்தி, பிறகு ஒருவரை எழுதச் சொல்லுவார். 1868-ல் வில்லியம் டோன் என்பவர் ஒரு ராகத்தோடு ஓடிவந்தார். ரயிலுக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது. அரைமணி நேரத்தில் பாட்டு தயார்! பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மாருக்கு அந்தப் பாட்டு ஆறுதலாயிற்று. அரைமணியில் வந்ததுன்னு நாம சொல்லலாம். அதற்குப் பின்னால் நாற்பது வருஷத்து வேதவசனமும், ஒரு தாயின் கண்ணீரும் இருந்ததே!

8000-க்கும் அதிகமான பாடல்கள் எழுதினார். ஒரு பாட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர்தான் கூலி. ஏறக்குறைய 200 புனைபெயர்களில் வெளிவந்ததால், எது அவருடையது என்றே பலருக்குத் தெரியாது. அவரோ ஏழைகள் நடுவே எளிய அறைகளில் குடியிருந்து, குடியில் சீரழிந்தவர்களைத் தேடி மிஷன் கூடங்களுக்குப் போனார். 1869-ல் அப்படி ஒரு கூட்டத்தில் வழிதவறின ஒரு வாலிபன் மனந்திரும்பினான். அன்று இரவு படுக்கைக்குப் போகுமுன்னே, அழிகிறவர்களை மீட்க அழைக்கும் ஒரு பாட்டை எழுதி முடித்தார். அழிகிற ஆத்துமாவின் பாரம்தான் பாட்டாக வந்தது.

1915 பிப்ரவரி 12-ல், 95 வயதாகச் சில வாரங்களே இருக்கையில், பிரிட்ஜ்போர்ட் நகரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருக்கு முதலில் வைத்த கல் மிகச் சிறியது. பெத்தானியாவில் தைலம் ஊற்றின ஸ்திரீயைக் குறித்து ஆண்டவர் சொன்ன சொல்லே அதில் இருந்தது (மாற்கு 14:8).

தேவபிள்ளையே! பாட்டு வரலையேன்னு கவலைப்படுகிறாயா? வசனத்தை உள்ளே நிரப்பு. பாட்டு வருதுன்னு பெருமைப்படுகிறாயா? உன்னையே பலிபீடத்தில் வை. மேடையும் மைக்கும் மட்டும் போதாது. ஜெப அறையும் ஆத்தும பாரமும் வேணும். உன்னிடத்தில் இருக்கிறதைக் கொடு, கர்த்தர் அதை ஆசீர்வதிப்பார். ஆமென்.