கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னரும் கண்டிப் பீரங்கியும்

மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னர் 1747 முதல் 1782 வரை கண்டி இராச்சியத்தை ஆட்சி புரிந்தார். இந்துக் குடும்பத்தில் பிறந்த அவர் பௌத்தத்தையும் போற்றிப் பேணினார். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலத்தோடு புனித தந்தத்தையும் சேர்த்து எசல பெரஹராவை நடத்தச் செய்தவர் அவரே.

அவரது அரண்மனையில் ஓர் அருமையான பீரங்கி இருந்தது. அவர் முடிசூடுவதற்கு முன்பே, 1745ஆம் ஆண்டளவில், லெவ்கே திசாவை என்னும் பிரதானி அரச காணிக்கையாக வழங்கியது அது. வெண்கலத்தில் வார்க்கப்பட்ட அதில் பொன், வெள்ளி, மாணிக்கக்கல் வேலைப்பாடுகளும், சூரியன், சந்திரன், சிங்கம் ஆகிய கண்டிச் சின்னங்களும் உண்டு.

1765இல் ஆளுநர் வான் எக் தலைமையில் ஒல்லாந்தர் படை கண்டிக்குள் புகுந்தது. மன்னர் நகரை விட்டு நீங்கினார். அரண்மனை சூறையாடப்பட்டது, பீரங்கியும் பறிபோயிற்று. ஆயினும் நோயும் உணவுத் தட்டுப்பாடும் வாட்டவே, சில மாதங்களில் ஒல்லாந்தர் பின்வாங்கினர். மன்னர் தலைநகருக்கு மீண்டார். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் அவர் கையை விட்டுப் போயிற்று, கண்டி போகவில்லை.

ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் இருந்த அப்பீரங்கியை நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கையிடம் திருப்பி ஒப்படைத்தது. மன்னர் இழந்த பொருள் வந்து சேர 258 ஆண்டுகள் சென்றன. அவர் ஒழுங்குசெய்து வைத்த பெரஹராவோ இன்றும் ஆண்டுதோறும் கண்டி வீதிகளில் உலா வருகிறது.