யூஜீன் ஹூட்ரி என்னும் பிரெஞ்சு அறிஞர்

மோட்டார் காரின் அடிப்புறத்தில், இஞ்சினுக்கும் சைலென்ஸருக்கும் நடுவே, சிறிய இரும்புக் கூடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்று அதனைக் கூறுவர். அப்படியொன்று தம் வண்டியில் உண்டென்பதை அது அடைபட்டாலன்றிப் பெரும்பாலோர் அறியார். அடைபட்ட பின்னரோ வண்டி வேகங் கொள்ள மறுக்கும்; பெட்ரோல் செலவு மிகும்; பாலத்தின் ஏற்றத்தில் இஞ்சின் மூச்சுத் திணறும். புதியது வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டுமாதலின், அதனை வீட்டிலேயே துப்புரவு செய்துகொள்ளுதல் கூடுமா என்னும் வினா உடனே எழுகின்றது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒருவர் பெட்ரோல் தொட்டியில் தின்னர் ஊற்றி ஓட்டச் சொல்லுவார். சிதம்பரத்தில் மற்றொருவர் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைக்கச் சொல்லுவார். உள்ளிருப்பதை இடித்துக் கொட்டிவிடுமாறு சொல்லுவாரும் உளர். இவ்வினாவை இவர்களுக்கெல்லாம் முன்னரே எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய நாற்பது ஆண்டு அதனோடு போராடியவர் யூஜீன் ஹூட்ரி. அவரது வரலாற்றை நம் மாணவர் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஹூட்ரி 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள், பாரிஸ் நகரையடுத்த தோமோன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் உருக்குக் கட்டுமானத் தொழில் நடத்திய செல்வர். மைந்தர் பாரிஸில் இயந்திரப் பொறியியல் பயின்று, 1911-இல் தம் வகுப்பில் முதல்வராகத் தேறிப் பொற்பதக்கம் பெற்றார். அவ்வாண்டில் அவர் தலைமை வகித்த கல்லூரிக் கால்பந்துக் குழு பிரான்ஸ் தேசத்து வாகையையும் சூடியது. படிப்பும் ஆட்டமும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் அரிதென்று எண்ணும் நம் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

1914-இல் மூண்ட பெரும்போரில் அவர் படைசேர்ந்தார். பிரெஞ்சுப் படை டாங்கி வண்டிகளை முதன்முதலாகப் போர்க்களத்தில் இறக்கியது 1917 ஏப்ரலில். அப்போரில் ழுவின்கூர் என்னுமிடத்தே ஹூட்ரி காயமுற்று, வீரத்திற்குரிய விருதும் பெற்றார். போர் முடிந்தபின் தந்தையின் தொழிலுக்கு மீண்டாரெனினும் அவர் மனம் மோட்டார்ப் பந்தயத்திலேயே ஈடுபட்டிருந்தது. 1922-இல் அமெரிக்கா சென்று இண்டியானாபோலிஸ் பந்தயத்தையும் போர்டு கார்த் தொழிற்சாலையையும் கண்டார். கார்கள் மேம்பட்டுவரும் அளவுக்கு அவற்றுக்கு ஊட்டும் பெட்ரோல் மேம்படவில்லை என்பதே அவர் கண்ட குறை. தரங்குறைந்த பெட்ரோல் இஞ்சினுக்குள் உரிய கணத்திற்கு முன்னரே வெடித்துத் தட்டொலி எழுப்பும். அதனால் இஞ்சினின் ஆற்றல் வீணாகும்.

பிரான்ஸிலோ மண்ணெண்ணெய்க் கிணறுகள் போதிய அளவு இல்லாத குறை. உள்ளது பழுப்பு நிலக்கரி. நீஸ் நகரத்து மருந்துக் கலைஞராகிய புருதோம் என்பவர் பழுப்பு நிலக்கரியினின்றும் பெட்ரோல் வடிக்கும் முறையொன்று கண்டாரெனக் கேள்வியுற்ற ஹூட்ரி, அவரோடு கூடி ஆராய்ச்சியில் இறங்கினார். பழுப்பு நிலக்கரி யாதென்று கடலூர் ஜில்லாவினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றிலே கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956-இல் நெய்வேலியிற் கம்பெனி அமைந்ததும், 1961-இல் நிலக்கரி கையெட்டியதும் நம்மவர் அறிந்தவையே. நெய்வேலிக் கரி பெரும்பாலும் மின்சாரத்திற்கே எரிகின்றது. ஹூட்ரியோ அதன் இனத்தைச் சேர்ந்த கரியைப் பெட்ரோலாக்க முயன்றார். 1929-இல், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே ஆண்டில், நாளொன்றுக்கு 60 டன் நிலக்கரியைப் பக்குவப்படுத்தும் ஆலையொன்று பிரெஞ்சு சர்க்காரின் ஆதரவோடு நிறுவப்பட்டது. பெட்ரோல் கிடைத்தது, ஆனால் கடல்கடந்து வந்த பெட்ரோலைவிட விலை மிகுந்தது. சர்க்கார் கைவிட, ஆலையும் மூடப்பட்டது.

தோல்வியே எனினும், அவ்வாராய்ச்சியிற்றான் ஹூட்ரியின் வாழ்வைத் திருப்பிய செய்தி கிடைத்தது. அதனைச் சற்று விரித்துரைப்போம். ஒரு பொருளின் மாற்றத்தை விரைவுபடுத்தியும் தான் செலவாகாமல் நிற்கும் பொருளை வினையூக்கி என்பர். கனத்த எண்ணெயின் ஆவியைச் சூடேறிய வினையூக்கியின்மீது செலுத்தினால், அதன் நீண்ட மூலக்கூறுகள் பிளந்து பெட்ரோலாகும். நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்து, மணற்சத்தும் அலுமினாவும் சேர்ந்த ஒருவகைக் களிமண்ணே இதற்குச் சாலச் சிறந்ததென ஹூட்ரி கண்டார். ஆனால் தொல்லை அங்கேதான் தொடங்கியது. எண்ணெய் பிளவுபடுங்கால் ஒரு பகுதி கரியாகி அக்களிமண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். சில நிமிஷங்களிலேயே வினையூக்கி செயலற்றுப்போம். இவ்வடைப்பைக் கண்டு முன்னோர் பலர் இவ்வழியையே கைவிட்டனர். செலவாகாத பொருள் என்று பெயர் பெற்றது, உள்ளபடி மணிக்குப் பலமுறை செத்துப்போவதாயிருந்தால் யார்தாம் அதனை நம்பித் தொழில் நடத்துவர்?

ஹூட்ரி நம்பினார். அடைத்திருப்பது கரியெனின், கரி எரியக்கூடியதன்றோ? எண்ணெய் ஆவியை நிறுத்திவிட்டு, அதே கலத்திற்குள் காற்றைச் செலுத்தினார். கரி எரிந்து வாயுவாய் வெளியேறியது. களிமண் பழையபடி உயிர்பெற்றது. இஃது எளிதாகத் தோன்றினும், எரியும் வெப்பம் அளவு கடந்தால் வினையூக்கியே பாழாகும். ஆதலின் உருகிய உப்பைக் குழாய்களில் ஓடச்செய்து மிகை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வகையும், ஒரு கலம் வேலை செய்யும்போது மற்றொரு கலம் துப்புரவாகும் சுழற்சி முறையும் வகுக்கப்பட்டன. எரிந்து வெளியேறும் வாயுவே சக்கரமொன்றைச் சுழற்றி, எரிப்பதற்கு வேண்டிய காற்றை அழுத்தித் தந்தது. அழுக்கை நீக்குதற்கு ஆகும் செலவை அழுக்கே தரவேண்டும் என்று கணக்கிட்ட இவரை நாம் சிக்கனக்காரர் என்பதா, பேரறிஞர் என்பதா? களிமண்ணைக் கண்டதினும் அதனைத் துப்புரவாக்கும் வழி கண்டதே அவரது பெருஞ்செயல் என்பது நம் கருத்து.

கைப்பொருள் கரைந்துவிட்ட நிலையில், அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியொன்று அழைக்க, 1930-இல் ஹூட்ரி அந்நாடு சென்றார். நியூஜெர்ஸி நாட்டுப் பால்ஸ்பரோவில் 1936-இல் நாளொன்றுக்கு 2,000 பீப்பாய் எண்ணெயைப் பக்குவப்படுத்தும் ஆலை ஓடத் தொடங்கியது. மறு ஆண்டில் பென்சில்வேனியாவிலுள்ள மார்க்கஸ் ஹுக்கில் சன் எண்ணெய்க் கம்பெனி அதனினும் பன்மடங்கு பெரிய ஆலையை இயக்கியது. வெறும் வெப்பத்தால் பிளக்கும் பழைய முறையில் நூற்றுக்கு 25 பங்களவே கிடைத்த உயர்தரப் பெட்ரோல், இப்புதிய முறையில் ஏறக்குறைய 50 பங்காயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் தூள் வினையூக்கியைக் காற்றோடு காற்றாய் ஓடவிடும் வேறு முறை தோன்றி ஹூட்ரியின் கலங்களைப் பின்தள்ளியதெனினும், கரியை எரித்து ஊக்கியை மீட்பது என்னும் அடிப்படை அங்கும் மாறவில்லை. இன்றும் எண்ணெய் ஆலைகளில் அவ்வாறே நடைபெறுகின்றது.

1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது ஹூட்ரி வாளாவிருக்கவில்லை. அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு மக்களைத் திரட்டி, நாட்டின் விடுதலைக்கு உழைத்த கழகத்திற்குத் தலைமை தாங்கினார். விஷி சர்க்கார் 1941-இல் அவரது குடியுரிமையைப் பறித்தது. போரிற் காயமுற்று விருது பெற்ற ஒருவரை நாட்டினர் அல்லர் என்று அறிவித்த அச்சர்க்கார் மூன்றாண்டிற் கவிழ்ந்தது. ஹூட்ரியோ 1942-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அப்போரின் தொடக்க ஆண்டுகளில் நேசநாட்டு விமானங்களுக்கு வேண்டிய உயர்தரப் பெட்ரோலில் பெரும்பங்கு அவரது முறையால் வடிக்கப்பட்டதே. செயற்கை ரப்பருக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்யும் வழியொன்றும் அவர் கண்டார்.

இவ்வளவோடு ஓய்ந்திருப்பின் அவரைச் செல்வராகவும் கீர்த்தியாளராகவும் மட்டும் உலகம் அறிந்திருக்கும். போருக்குப்பின் லாஸ் ஏஞ்சலீஸ் முதலிய நகரங்களைக் கார்ப்புகை போர்த்துக் கண்ணெரிச்சல் உண்டாக்கியது. நுரையீரற் புற்றுநோய் பெருகுவதற்கு இப்புகையும் காரணமாகலாம் என அஞ்சிய ஹூட்ரி, தம் பெட்ரோல் எரிந்து கக்கும் நஞ்சைத் தாமே அடக்கப் புகுந்தார். புகைக்குழாயில் வினையூக்கி பூசிய பெட்டியொன்றை வைத்து, எரியாது எஞ்சிய பெட்ரோல் ஆவியையும் கார்பன் மோனாக்ஸைடையும் அதற்குள்ளேயே எரித்துவிடுவது அவர் திட்டம். இதற்கெனத் தனிக் கம்பெனி தொடங்கி, 1956-இல் காப்புரிமையும் பெற்றார்.

பெட்டி வேலை செய்தது, காரிலே நிலைக்கவில்லை. காரணம் ஈயம். இஞ்சினின் தட்டொலியை அடக்க 1921-இல் மிட்ஜ்லி என்பவர் கண்ட வழி, பெட்ரோலில் ஈயக் கலவை சேர்ப்பது. ஹூட்ரியின் முறையால் வடித்த விமானப் பெட்ரோலிலும் அது சேர்க்கப்பட்டதுண்டு. அவ்வீயம் புகையோடு வந்து வினையூக்கியின்மேற் படிந்து அதனைச் சாகடித்தது. கரியை எரித்து வாழ்நாளெல்லாம் வென்றவர்க்கு இங்கே அவ்வித்தை பயன்படவில்லை. ஈயம் எரிந்தொழியும் பொருளன்று. காற்றைச் செலுத்தினும் சூடேற்றினும் படிந்தது படிந்ததே. ஈயமற்ற எரிபொருளால் ஓடும் பாரந்தூக்கி வண்டிகளிலும் கிடங்குகளிலும் மட்டும் அவரது பெட்டி ஓரளவு இடம்பெற்றது. தெருக்களில் அதனைக் காணாமலே 1962 ஜூலை 18-இல் தமது 70-ஆம் வயதில் ஹூட்ரி காலமானார்.

அடைப்பை நீக்கும் வழி இல்லையாயின் அடைக்கும் பொருளையே நீக்குவது ஒன்றே எஞ்சிய வழி. அமெரிக்கா 1975-ஆம் ஆண்டுக் கார்களில் இப்பெட்டியைப் பொருத்தி, அவற்றுக்கு ஈயமற்ற பெட்ரோலை வழங்கியது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு இப்பெட்டியும் ஈயமற்ற பெட்ரோலும் வந்தன. சென்னையிற் பெட்டியோடு வாங்கிய காரில் தென்னாட்டுச் சிற்றூர்களில் ஈயப் பெட்ரோல் நிரப்பினால் பெட்டி கெடும் என்னும் இக்கட்டு அக்காலத்தில் இருந்தது. 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்ட பின்னரே கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களிலும் அப்பெட்டி அச்சமின்றி ஓடலாயிற்று.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். இக்காலத்துப் பெட்டியின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியும், அதன் கண்ணறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் உலோகங்களின் மெல்லிய பூச்சும் உள. 250 அல்லது 300 டிகிரி சென்டிகிரேடுக்குமேற் சூடேறினாலன்றி அது வேலை செய்யாது. கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் மட்டும் ஓடும் கார் நன்கு சூடேறுவதேயில்லை. அப்படிப்பட்டதிற் படியும் கரியை, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் வரையில் ஒரே சீராக ஓட்டிச் செல்வதே பெரும்பாலும் எரித்துவிடும். ஹூட்ரியின் சூளையே இது. தனியே மருந்து வேண்டுவதில்லை. கழற்றி, சென்சாரை அகற்றி, வெந்நீராலும் சோப்பாலும் அலசுவது தளர்ந்த கரியை ஓரளவு போக்கும். அமிலம் பூச்சையே தின்னும். தின்னர் ஊற்றுவதால் நன்மை விளையுமென்பதற்குத் தக்க சான்றில்லை. ரப்பர்க் குழாய்களுக்குக் கேடு விளைதல் கூடும்.

ஆனால் அடைத்திருப்பது கரியா அன்றா என்பதை முதலில் அறிதல் வேண்டும். இஞ்சின் எண்ணெயைக் குடித்துவந்தால் அவ்வெண்ணெயிலுள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் சாம்பலாய்ப் படியும். அவை ஈயத்தின் சுற்றத்தார், எரியமாட்டா. ஸ்பார்க் பிளக் பழுதுற்று எரியாத பெட்ரோல் பெட்டிக்குட் சென்று எரிந்தால், வெப்பம் 1,400 டிகிரியை அணுகித் தேன்கூடு உருகிக் கட்டியாகிவிடும். அதனைக் கழுவுவது உருகிய கண்ணாடியைக் கழுவுவதோடு ஒக்கும். இவ்விரண்டிலும் புதியது வாங்குவதன்றி வேறு வழியில்லை. அதற்கு முன் இஞ்சினைச் செப்பனிடாவிடிற் புதியதும் அவ்வழியே போம். உள்ளிருப்பதை இடித்துக் கொட்டுவாரோ வண்டியைச் சட்டத்திற்கு மாறாக்குவதோடு, ஹூட்ரி அடக்க முயன்ற நஞ்சைத் தம் தெருவிலேயே அவிழ்த்துவிடுகின்றனர்.

வீட்டில் இவ்வேலை செய்வோர் இஞ்சின் நன்கு ஆறிய பின்னரே கீழே நுழைதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாது வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துதல் வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடலாகாது. கரியை எரித்துக்கொண்டு வந்த பெட்டி செந்தணல்போற் சுடும். அறுவடைக் காலத்தில் கடலூர்ச் சாலையோரத்தில் வைக்கோலும் நெல்லும் உலர்த்தியிருப்பர். அங்ஙனம் ஓட்டிவந்த காரை அவற்றின்மேல் நிறுத்தலாகாது.