கேன்சரை மறைத்துக்கொண்டு எழுதிய புத்தகம்... பூச்சிக்கொல்லி கம்பெனிகளை அதிரவைத்த ரேச்சல் கார்சன்!

நம்ம ஊர்ல வயலுக்குப் பூச்சிக்கொல்லி தெளிக்கிறதை யாரும் விஷம் அடிக்கிறோம்னு சொல்றதில்லை. மருந்து அடிக்கிறோம்னுதான் சொல்வோம். 1940-களின் அமெரிக்காவும் டி.டி.டி-யை அப்படித்தான் பார்த்தது. அது ஒரு அதிசய மருந்து, கேள்வியே கேட்கக் கூடாத மருந்து.

அந்த நம்பிக்கையை ஒரே ஒரு புத்தகத்தால் அசைத்துப் பார்த்தவர் ரேச்சல் கார்சன். கூட்டம் என்றாலே ஒதுங்கிப்போகிற, கடலைப் பற்றி அழகாக எழுதுகிற ஓர் எழுத்தாளர். அந்தப் புத்தகத்தை முடிக்கும்போது, தனக்கு அதிக நாள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் வெளியில் சொல்லவே இல்லை. ஏன்?

ஆற்றங்கரையில் ஒரு கடல் காதலி

1907-ம் ஆண்டு மே 27 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார் ரேச்சல். வீட்டில் பெரிய வசதியெல்லாம் இல்லை. ஆனால் அம்மா மரியா, மகளைத் தோட்டம், காடு, ஆற்றங்கரை என்று கூட்டிப்போய் பறவைகளையும் பூச்சிகளையும் அறிமுகப்படுத்தினார். 11 வயதிலேயே ரேச்சலின் கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. அப்புறமென்ன, எழுத்தாளர் ஆகணும்னு முடிவு பண்ணி, கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் ட்விஸ்ட். உயிரியல் வகுப்பு அவரை இழுத்துக்கொண்டது. இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறினார். 1929-ல் பட்டம், 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுநிலைப் பட்டம். அதற்கு மேல் படிக்கப் பணமில்லை. நாடே பொருளாதார மந்தநிலையில் தவித்த காலம் அது. 1935-ல் அப்பா இறந்தார். அடுத்து 1937-ல் அக்காவும் இறக்க, அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் ரேச்சலின் பொறுப்பில் வந்தார்கள்.

குடும்பத்தை ஓட்ட, அரசின் மீன்வளத் துறைக்காக மீன்களைப் பற்றி ரேடியோ நிகழ்ச்சிகள் எழுதினார். 1936-ல் அங்கேயே விஞ்ஞானியாக நிரந்தர வேலை கிடைத்தது. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. 1941-ல் வந்த முதல் புத்தகம், அடுத்த மாதமே அமெரிக்கா போரில் இறங்கியதால் கவனிப்பாரின்றிப் போனது. பத்து வருடம் கழித்து, 1951-ல் வந்த இரண்டாவது கடல் புத்தகமோ செம ஹிட்! நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் இருந்தது. 1952-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

நோபல் பரிசு வாங்கிய விஷம்

இந்த இடத்தில் டி.டி.டி. கதையையும் பார்த்துவிடலாம். 1874-லேயே ஆய்வகத்தில் தயாரான ரசாயனம்தான் அது. பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-ல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர். இரண்டாம் உலகப் போரில் டைபஸ் பரப்பும் பேன்களையும், மலேரியா பரப்பும் கொசுக்களையும் ஒழித்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. 1948-ல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

போர் முடிந்ததும் அதே ரசாயனம் வயலுக்கும் வீட்டுக்கும் வந்தது. காடு, ஊர், பால் பண்ணை, காய்கறித் தோட்டம் என்று பார்க்காமல் விமானத்தில் இருந்தே தெளித்தார்கள். இதன் பின்விளைவுகளைப் பற்றி எழுதலாமா என்று 1945-லேயே ஒரு பெரிய பத்திரிகையிடம் கேட்டிருக்கிறார் ரேச்சல். அவர்களுக்கு ஆர்வமில்லை.

1958 ஜனவரியில் நிலைமை மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொசு ஒழிப்புக்காக விமானம் மருந்து தெளித்துவிட்டுப் போக, தன் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததைப் பற்றி ஒரு தோழி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதன் பிரதி ரேச்சலுக்கு வந்தது. வேறு ஒரு பிரபல எழுத்தாளரை எழுதவைக்கத்தான் அவர் முதலில் முயன்றார். அவரோ, நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். அடுத்த நான்கு வருடங்கள் அதுவே ரேச்சலின் வாழ்க்கையானது.

மரத்தில் அடித்தது பறவைக்கு எப்படிப் போனது?

விஞ்ஞானிகள், மருத்துவர்கள், அரசு ஊழியர்கள் என்று எல்லோருக்கும் கடிதம் எழுதி ஆய்வறிக்கைகளைத் திரட்டினார். தனித்தனித் துறைகளில் சிதறிக்கிடந்த தகவல்களை ஒன்றாகக் கோத்தபோது ஒரு பயங்கரமான சங்கிலி தெரிந்தது.

மிச்சிகனில் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். இலை உதிர்ந்தது, மண்புழு அதைத் தின்றது, ராபின் பறவை மண்புழுவைத் தின்றது, செத்தது. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு மாதிரியான சிறு பூச்சிகளை ஒழிக்க, டி.டி.டி-யின் உறவுக்கார ரசாயனமான டி.டி.டி-யை (கடைசி எழுத்து 'டீ' அல்ல, 'டி') மிகக் குறைந்த அளவில்தான் கலந்தார்கள். தண்ணீரில் இருந்ததைவிட நுண்ணுயிர்களில் அதிகம், மீனில் இன்னும் அதிகம், மீன் தின்னும் முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

அந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பது யார்? நாமதான். டி.டி.டி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் சிறுநீரில் சட்டென்று வெளியேறாமல் உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும்.

இன்னொரு வகை, பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள். இவை காத்திருப்பதில்லை. நரம்புகளுக்கு இடையே போகும் சமிக்ஞையை நிறுத்திவைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடும். சுவிட்சை ஆஃப் பண்ணவே முடியாத நிலை. வியர்வை, வாயில் எச்சில், மங்கும் பார்வை, தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத்திணறல். இதில் முதலில் பாதிக்கப்படுவது சாப்பிடுகிறவர் அல்ல, தெளிக்கிறவரும் தோட்டத்தில் பறிக்கிறவரும்தான். விவசாயத் தொழிலாளியின் உடம்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தார் ரேச்சல். புற்றுநோய் அபாயத்துக்குத் தனி அத்தியாயமே எழுதினார்.

டாக்டர் சொல்லாத உண்மை

அந்த அத்தியாயங்களை எழுதிக்கொண்டிருந்தபோதே அவருடைய மார்பில் கட்டி. 1960 வசந்தத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அது புற்றுநோய் என்பதை டாக்டர் அவரிடம் நேராகச் சொல்லவில்லை. நோயாளிப் பெண்ணிடம் உண்மையை மறைப்பது அன்று சகஜம். அந்த வருடக் கடைசியில் வேறொரு மருத்துவரிடம் போனபோதுதான், நோய் பரவிவிட்டது தெரிந்தது.

கதிர்வீச்சு சிகிச்சை, மூட்டு வலி, வயிற்றுப்புண். ஒரு கட்டத்தில் கண்ணிலும் அழற்சி வந்து படிக்க முடியாமல் போக, உதவியாளர் வாசிக்கக் கேட்டுத் திருத்தினார். வீட்டிலோ ஒரு சின்னப் பையன். அக்கா மகள் 1957-ல் இறந்ததால், அவளுடைய ஐந்து வயது மகனைத் தத்தெடுத்திருந்தார். 1958-ல் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்.

நோயை ஏன் மறைத்தார்? தெரிந்தால், கேன்சர் வந்த கோபத்தில் எழுதுகிறார் என்று கம்பெனிகள் ஒரே வரியில் ஒதுக்கிவிடும். நான்கு வருட ஆதாரங்களும் வீண். அதனால் நெருக்கமான சிலரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

புத்தகம் வந்தது... புயலும் வந்தது!

1962 ஜூனில் 'நியூயார்க்கர்' இதழில் தொடராகவும், செப்டம்பரில் புத்தகமாகவும் 'மௌன வசந்தம்' வெளியானது. பறவைகள் பாடாத ஒரு வசந்த காலம் என்பதுதான் தலைப்பின் பொருள். ஒரு ரசாயன நிறுவனம் வழக்கு போடுவோம் என்று பதிப்பாளரை மிரட்டியது. இன்னொன்று புத்தகத்தைக் கிண்டல் செய்து கட்டுரை வெளியிட்டது. உணர்ச்சிவசப்படும் பெண், கம்யூனிஸ்ட், டாக்டர் பட்டம்கூட இல்லாதவர் என்றெல்லாம் தாக்கினார்கள்.

1963 ஏப்ரலில் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்பியபோது, ஐந்து விளம்பரதாரர்களில் மூன்று பேர் விலகிக்கொண்டார்கள். திரையில் தோன்றிய ரேச்சல் விக் வைத்திருந்தார். நிதானமாக, குரலை உயர்த்தாமல் பேசினார். அடுத்த மாதம், அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அறிக்கை, பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. ஜூனில் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்.

கவனிங்க... எல்லா பூச்சிக்கொல்லியையும் தடை பண்ணணும்னு அவர் கேட்கவே இல்லை. கண்மூடித்தனமாக அடிக்காதீர்கள், அடிப்பதற்கு முன் ஆராயுங்கள், என்ன அடிக்கிறீர்கள் என்று மக்களுக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் இறந்தார். 1970-ல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானதையோ, 1972-ல் அங்கே விவசாயத்தில் டி.டி.டி. தடை செய்யப்பட்டதையோ அவர் பார்க்கவில்லை.

இன்னும் முடியாத வழக்கு

டி.டி.டி-யை நிறுத்தவைத்து மலேரியா சாவுகளுக்குக் காரணமானவர் என்று இன்றும் அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் 2001-ன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைகூட நோய் பரப்பும் கொசுவை ஒழிக்க டி.டி.டி-யை அனுமதிக்கிறது. வயலில் கொட்டக் கொட்ட பூச்சிகள் எதிர்ப்புசக்தி பெற்று, மருந்தே வேலை செய்யாமல் போகும் என்று முன்பே எச்சரித்தவரும் ரேச்சல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல், டி.டி.டி-யை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது.

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. பக்கத்துக் கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011-ல்தான்.

அடுத்த முறை பூச்சிக்கொல்லி டப்பா எதையாவது கையில் எடுத்தால், லேபிளில் இருக்கும் சாய்சதுரத்தைப் பாருங்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சையும் நஞ்சுதான், கொஞ்சம் குறைவு, அவ்வளவே. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ரேச்சல் தன் கடைசி நாள்களைச் செலவழித்தது அதற்காகத்தான்.