பத்து வெள்ளியும் பால்மரக் காடும்: துன் வீ. தி. சம்பந்தன் வரலாறு



பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் சூலியா தெரு என்றொரு நெடிய தெரு உண்டு. தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வாணிகம் செய்யவந்த சூலியர் என்னும் தமிழ் முஸ்லிம் பெருமக்களின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. நாகூர் தர்காவும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாணயம் மாற்றுவோர் கடைகளும், துணிக்கடைகளும் அத்தெருவிலும் அதனை ஒட்டிய வீதிகளிலும் அமைந்தன. அருகிலிருந்த பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் பினாங்கில்தான் கரையிறங்கினர். அங்கிருந்து செபராங் பிறை, கெடா, பேராக் ஆகிய இடங்களின் பால்மரத் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரே கடலைக் கடந்துவந்த தமிழருள் இரு பிரிவினரை இத்தெரு கண்டது எனலாம். கடை வைத்தவருக்குக் கடை சொந்தமாயிற்று. தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து தோட்டத்திற்குச் சென்றவருக்கோ எதுவும் சொந்தமாகவில்லை. குடியிருந்த லயமும், வெட்டிய மரமும், பிள்ளை படித்த பள்ளியும் முதலாளிக்கே உரியவை. உழைப்பவனுக்கு ஏன் நிலம் சொந்தமாகக் கூடாது என்று எண்ணிச் செயலாற்றிய ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நாம் எழுதுகிறோம். அவரே துன் வீ. தி. சம்பந்தன்.

திருஞானசம்பந்தன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் பிறந்தார். தந்தையார் வீராசாமி. தமிழகத்திலிருந்து மலாயாவிற்கு வந்து, ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர் அவர். கோலகங்சாரில் பள்ளிக் கல்வி பயின்ற சம்பந்தன், பின்னர்ச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் லயத்து மக்களின் வாழ்வை அருகிலிருந்து கண்டு வளர்ந்தவர். நாடு திரும்பியதும் பொதுப்பணியில் இறங்கினார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி எழுவதற்கு முன்னின்றார்.

1955ஆம் ஆண்டில் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அவ்வாண்டு நடைபெற்ற பொதுத்தேர்தலில் வென்று தொழிலமைச்சராகப் பொறுப்பேற்றார். 1957இல் நாடு விடுதலை பெற்றபின் சுகாதார அமைச்சராகவும், 1959 முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகவும் விளங்கினார். பதவிகள் பலருக்கு வருகின்றன, போகின்றன. இவரை நம் மக்கள் மறவாதிருப்பதற்குக் காரணம் வேறு.

அக்காலத்தில் தோட்டங்களின்மீது பெருந்துன்பம் ஒன்று வந்து விழுந்தது. அதன் பெயர் தோட்டத் துண்டாடல். அவசரகாலத்தின் அச்சத்தாலும், விடுதலைக்குப் பின் நிலைமை எவ்வாறாகுமோ என்னும் ஐயத்தாலும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்களோ தோட்டத்தை நடத்த வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று இலாபம் காண்பதே அவர்தம் நோக்கமாக இருந்தது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்துள்ளார்.

துண்டாடலினால் விளைந்த கேடு யாது? நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் தோட்டம் எனக் கருதப்படுவதில்லை. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவர் தம் குடும்பத்தாரைக் கொண்டே மரம் வெட்டிக்கொள்வார். அவருக்கு நூறு தொழிலாளர் எதற்கு? எனவே வேலை போயிற்று. வேலை போனால் லயத்தில் குடியிருக்கும் உரிமையும் போயிற்று. 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டியிருந்தது. தோட்டமே இல்லையெனில் பள்ளி ஏது? மருந்தகம் மூடப்பட்டது. கோயில் ஆளின்றி நின்றது. மூன்று தலைமுறையாகக் காட்டை அழித்து மரம் நட்டுப் பால் எடுத்த குடும்பம், சட்டி பானையுடன் தெருவில் நின்றது. நகரத்திற்குத் தொலைவில், வேறு தொழில் அறியாது வாழ்ந்த அம்மக்கள் எங்கே போவார்கள்?

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் துண்டாடலை எதிர்த்துக் குரல் கொடுத்தது. சம்பந்தன் மற்றொரு வழியை எண்ணினார். விற்கப்படும் தோட்டத்தை யாரோ ஒருவர் வாங்கத்தான் போகிறார். அந்த ஒருவர் ஏன் தொழிலாளராகவே இருத்தல் கூடாது? தனியொரு பால்வெட்டுத் தொழிலாளியால் ஒரு தோட்டத்தை வாங்க இயலாது. பல்லாயிரவர் கூடினால் இயலும். இவ்வெண்ணத்தின் விளைவாக 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

பத்து வெள்ளி செலுத்தி எந்தத் தொழிலாளியும் இதில் சேர முடிந்தது. பத்து வெள்ளி இன்று நமக்குச் சிறு தொகையாகத் தோன்றும். நாளொன்றுக்குச் சில வெள்ளிகளே கூலியாகப் பெற்ற அக்காலத்தில் அது பல நாள் உழைப்பின் பயன். சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களும் நம்மிடையே இருந்தனர். ஆகவே தயக்கம் இயல்பே. அத்தயக்கத்தைப் போக்க அமைச்சரே தோட்டம் தோட்டமாகச் சென்றார். லயத்து மக்களை நேரில் கண்டு, அவர்களுக்கு விளங்கும் தமிழில் கூட்டுறவின் தன்மையை எடுத்துரைத்தார். கே. ஆர். சோமசுந்தரம் அவருக்குத் துணைநின்றார். மக்கள் நம்பினர், பணம் கட்டினர், சங்கம் வளர்ந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும். பினாங்கில் இறங்கிக் கெடா சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், தம் பாட்டன் கூலியாக நுழைந்த மண்ணில் பங்குதாரராயினர்.

மாணவர்களே, கூட்டுறவு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். பலர் செலுத்தும் சிறு தொகை ஒன்றுசேர்ந்து முதலாகிறது. அம்முதலைக் கொண்டும், கடன் பெற்றும் தோட்டம் வாங்கப்படுகிறது. தோட்டத்தின் வருவாயில் கடன் அடைகிறது. எஞ்சிய இலாபம் உறுப்பினருக்குப் பங்காக வருகிறது. பணம் மிகுதியாக உள்ளவருக்கு மிகுதியான வாக்கு என்பது கூட்டுறவில் இல்லை. ஒருவருக்கு ஒரு வாக்கே. இதுவே தனி முதலாளிக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு. தோட்டம் துண்டாகாமல் முழுமையாக நிற்பதால் வேலையும் லயமும் பள்ளியும் கோயிலும் நிலைக்கின்றன. பழைய மரத்தை வெட்டிப் புதிய கன்றை நட்டு, ஏழாண்டு காத்திருக்கும் பொறுமையும் வருகிறது. விற்று இலாபம் காண்பவனுக்கு அப்பொறுமை வாராது. வாழ்விடமாகக் கொண்டவனுக்கே வரும்.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காக்க முடிந்ததா எனில், இல்லை. வாங்கப்பட்டவற்றினும் துண்டாடப்பட்டவையே மிகப் பல. 1969ஆம் ஆண்டுக்குப் பின் வேறொரு சோதனையும் வந்தது. குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் சட்டத்தினால், ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவிற்குத் திரும்பிச் சென்றனர். வந்த வழியே பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறியவர் பலர். குடும்பங்கள் பிரிந்தன. நிலமும் குடியுரிமையும் இல்லாத உழைப்பு எத்துணை நிலையற்றது என்பதை அந்நாள்கள் நமக்குக் கற்பித்தன. சம்பந்தன் நட்ட விதை எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் அவையே காட்டின.

1972 முதல் 1974 வரை தேசிய ஒற்றுமை அமைச்சராகத் தொண்டாற்றினார். 1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். கூட்டுறவுப் பணியை மட்டும் விடவில்லை. 1979ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், அறுபது வயது நிறைவதற்குள் அன்னார் மறைந்தார். அவருக்குப் பின்னும் சங்கம் வளர்ந்தது. 1990களில் அதற்குப் பல தோட்டங்கள் இருந்தன. கோலாலம்பூரில் அதன் மாளிகை விஸ்மா துன் சம்பந்தன் என்றும், பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் முதன்மைச் சாலை ஜாலான் துன் சம்பந்தன் என்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

இன்று பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. வேறு பலவற்றில் வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. லயங்கள் குறைந்துவிட்டன. தோட்டப் பள்ளிகள் பல இடம் பெயர்ந்தன. எனினும் சொந்தமாக ஒரு வீடு, சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்னும் ஏக்கம் நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை. ஆதலால் இவ்வரலாறு பழங்கதையன்று.

பெற்றோர்களே, திருவிழாவிற்கும் விருந்திற்கும் கடன் வாங்கும் கை, மாதந்தோறும் சிறு தொகையைச் சேமிப்பிலும் இடட்டும். கூட்டுறவில் உறுப்பினராயின் ஆண்டுக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள், கணக்கைக் கேளுங்கள். கேட்பவர் உள்ளவரைதான் பொதுச்சொத்து பொதுச்சொத்தாக நிற்கும். மாணவர்களே, ஆளுக்கொரு பத்து வெள்ளியால் தோட்டம் வாங்கிய மக்களின் வழித்தோன்றல்கள் நீங்கள். தனித்து நின்றால் கூலி, கூடி நின்றால் உரிமையாளர் என்னும் பாடத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாழ்க துன் சம்பந்தன் புகழ்! வளர்க கூட்டுறவு!