உதடு ஒட்டினால் ஃபெயில்! பொம்மையார்பாளையத்துப் புலவரும் ஒரு நல்ல சாஃப்ட்வேர் இன்ஜினீயரும்

சென்னையிலிருந்து இ.சி.ஆர். வழியாக வார இறுதியில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் உப்பளங்கள் தெரியும். அதைத் தாண்டி, காலாப்பட்டையும் தாண்டினால் பொம்மையார்பாளையம். பெரும்பாலும் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனத்துக்குப் பெயர் தந்த ஊர் இதுதான். 17-ஆம் நூற்றாண்டில் இங்கே சிவஞான பாலைய சுவாமிகளிடம் சீடராக இருந்தவர் துறைமங்கலம் சிவப்பிரகாசர். ஸ்கூலில் 'நன்னெறி' படித்திருப்பீர்களே, அதை எழுதியவர்.

சரி, அவருக்கும் கோடிங்குக்கும் என்ன சம்பந்தம்? நல்ல சாஃப்ட்வேர் இன்ஜினீயர் யார் என்று கேட்டால் பலரும் எத்தனை லாங்குவேஜ் தெரியும், எவ்வளவு வேகம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்டதற்குக் கோட் எழுதித் தர ஏஐ வந்துவிட்ட காலத்தில் அந்த இரண்டுக்குமே மதிப்பு குறைந்துகொண்டு வருகிறது. கொடுத்த நிபந்தனையைக் குறுக்கு வழி தேடாமல் ஏற்று, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கும்படி வேலையை முடிப்பதுதான் கஷ்டம். அந்தக் குணத்துக்குச் சிவப்பிரகாசரை விடச் சுவாரசியமான ஆள் கிடைப்பது அரிது.

காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தந்தை இறந்துவிட, திருவண்ணாமலையில் குருவிடம் பயின்றார். பிறகு பெரம்பலூர்ப் பக்கம் துறைமங்கலத்தில் அண்ணாமலை ரெட்டியார் ஆதரவில் தங்கினார். இலக்கணம் ஆழமாகக் கற்க வேண்டும் என்று தெற்கே கிளம்பி, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் போய்ச் சேர்ந்தார். இனி வருவதெல்லாம் மடங்களிலும் புலவர்களிடையேயும் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

தம்பிரான் உடனே பாடம் ஆரம்பிக்கவில்லை. 'கு' என்று தொடங்கி, நடுவில் 'ஊருடையான்' என்ற சொல் வந்து, 'கு' என்றே முடியும் ஒரு வெண்பா கேட்டார். இன்றைய இன்டர்வியூ ரவுண்டு மாதிரிதான். பையன் பாடிக் காட்டினான், இடம் கிடைத்தது. ஐந்து இலக்கணத்தையும் 15 நாளில் முடித்தார் என்கிறார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அடிப்படை ஏற்கெனவே கெட்டியாக இருந்தவருக்கு மீதியைப் பிடிக்க ரொம்ப நாள் ஆகியிருக்காது.

படிப்பு முடிந்து காணிக்கையாகப் பொன் கொடுத்தபோது குரு வாங்கவில்லை. திருச்செந்தூரில் தன்னை இகழ்ந்து பேசித் திரியும் ஒரு புலவரை வென்று வா என்றார். அந்தப் போட்டியில் பிறந்ததுதான் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி'.

அது எவ்வளவு கடினம்?

பெயரிலேயே மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ வரிசைகள் போயிற்று. உ, ஊ, ஒ, ஓ, ஔ போயிற்று. இந்த உயிர்கள் ஏறிய கு, தோ, நூ எல்லாமே போயிற்று. கணக்குப் போட்டால் 247 எழுத்தில் மிச்சம் 128. கீபோர்டில் பாதியைப் பிடுங்கிவிட்ட மாதிரி. (2-இன் 7-ஆம் அடுக்கு என்று உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும், அது தற்செயல்தான்.)

இப்போது இதை வைத்து முருகனைப் பாட வேண்டும். 'முருகன்' என்று சொல்ல முடியாது. வேல், மயில், சேவல், வள்ளி, தெய்வானை, குமரன், ஆறுமுகன், எதுவும் செல்லாது. கந்தன் செல்லும், செந்தில் செல்லும். பெயரை விடுங்கள், 'கு' என்ற வேற்றுமை உருபே கிடையாது, 'உம்' கிடையாது. சேர்க்கைத் தேர்வில் கேட்ட அதே 'கு' இங்கே தடை!

ஒரு சின்ன வாசல் உண்டு. சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரம், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மறைந்துவிடும். அது தெரிய இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். நாம் டாக்குமென்டேஷனைக் கடைசிப் பக்கம் வரை படிப்பது எதற்காக? இந்த மாதிரி வாசலுக்காகத்தானே.

இரண்டாவது, யமகம். நான்கு அடியும் ஒரே எழுத்துக் கூட்டத்தில் தொடங்க வேண்டும், பொருள் மட்டும் மாற வேண்டும். 'பலகை' என்பதை மரப்பலகை என்றும் பல கைகள் என்றும் பிரிக்கலாம் இல்லையா, அந்த வித்தை. (இந்த உதாரணமே நூலுக்குள் நுழைய முடியாது, ப இருக்கிறதே!) மூன்றாவது, அந்தாதி. ஒரு பாட்டு முடிவதை வைத்து அடுத்த பாட்டு தொடங்கும்.

இதற்கு மேல் கட்டளைக் கலித்துறை என்ற யாப்பு வேறு. அதில் ஓர் அடி நேரசையில் தொடங்கினால் மெய் நீங்கலாக 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. எண்ணிப் பார்த்தாலே ஓலையில் எழுத்து விட்டுப்போனது தெரிந்துவிடும். ஓர் ஏடு தொலைந்தால் அந்தாதிச் சங்கிலி அறுந்து காட்டிக் கொடுக்கும். உதடு ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடி போதும், புலமை வேண்டாம். செக்சம், லிங்க்டு லிஸ்ட், யூனிட் டெஸ்ட் என்று நாம் பெயர் வைத்திருக்கும் மூன்றும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 30 பாட்டையும் அவர் முடித்தார். எதிராளியால் முடியவில்லை, தோற்றவரைக் குருவிடம் அழைத்து வந்தார் என்று கதை முடிகிறது.

பிறகு சாந்தலிங்க சுவாமிகள் அவரைப் பொம்மையார்பாளையத்துக்கு அழைத்து வந்தார். பாலைய சுவாமிகளைப் பாடச் சொன்னபோது, மனிதரைப் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கனவில் முருகன் வந்து சொன்ன பிறகே பாடி, சீடரானார் என்கிறது மரபு. யார் கேட்டாலும் தலையாட்டும் ஆள் இல்லை என்பது இதில் தெரிகிறது.

'பிரபுலிங்க லீலை' இன்னொரு வகை வேலை. சாமரசர் கன்னடத்தில் ஆறடிச் சட்பதி யாப்பில் அல்லமப் பிரபுவின் கதையைப் பாடியிருந்தார். தமிழில் அந்த யாப்பு இல்லை. சிவப்பிரகாசர் அதை நாலடி விருத்தத்துக்கு மாற்றினார். ஆறை நாலில் அப்படியே திணிக்க முடியாது. எது கதைக்கு உயிர், எது பழைய வடிவத்தின் தேவை என்று ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுக்க வேண்டும். பழைய சிஸ்டத்தைப் புதிய பிளாட்ஃபார்முக்கு நகர்த்தியவர்களுக்கு இந்த வலி தெரியும். தமிழில் படிக்கும்போது அது மொழிபெயர்ப்பு என்றே தோன்றாது. என்னைக் கேட்டால் அந்தாதியை விட இதுதான் பெரிய சாதனை.

'நன்னெறி'யின் 40 வெண்பாக்களைக் கடற்கரை மணலில் விரலால் எழுதினார், அலை அழிப்பதற்குள் மாணவர்கள் ஓலையில் பெயர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தி. உண்மையோ இல்லையோ, பேக்கப் எடுத்த மாணவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லாற்றூரில் அவர் காலமானபோது வயது 32. 'சீகாளத்திப் புராணம்' அவர் தனியாக எழுதியதல்ல. தம்பிகள் கருணைப்பிரகாசர், வேலையர் ஆகியோருடன் பங்கிட்டுக்கொண்ட நூல். கண்ணப்பர், நக்கீரர் சருக்கங்கள் இரண்டும்தான் அவருடையவை. மீதியெல்லாம் தம்பிகள் எழுதியது.