நவாப் வாலாஜா எழுப்பிய அரண்மனையும் பள்ளிவாசலும்



கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் வழியில், தியாகதுருகம் மலைமீது சிதைந்து நிற்கும் கோட்டையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கர்நாடகப் போர்களின்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக மோதினர். அக்காலத்தில் நம் பகுதி ஆர்க்காடு நவாபின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அந்த நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்களின் வாழ்க்கை, கட்டடம் எழுப்ப முனையும் எவருக்கும் படிப்பினையாகும்.

அன்னார் 1717-இல் டில்லியில் பிறந்தார்கள். 1749-இல் ஆம்பூர்ப் போரில் தந்தையார் அன்வருத்தீன் கான் கொல்லப்பட, திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார்கள். 1752-இல் சந்தா சாஹிபின் முற்றுகை முறிந்தது. ஆங்கிலேயர் துணையோடு ஆட்சி நிலைபெற்றது. ஆனால் அத்துணைக்கு விலை இருந்தது. போர்ச் செலவும் அரண்மனைச் செலவும் கடனாகப் பெருகின. கடன் கொடுத்தோருக்கு நாட்டின் வரி வருவாய் ஈடாக எழுதித் தரப்பட்டது. அச்சுமை இறுதியில் உழவர்களின் தலையிலேயே விழுந்தது.

1768-இல் சென்னைக் கடற்கரையோரம் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு மாளிகைகள் கொண்ட அது, பரம்பரைக்கும் நிலைக்கும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. அன்னாரின் வாழ்நாளின் கடைசி ஆண்டாகிய 1795-இல், வாலாஜா குடும்பத்தார் திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசலை எழுப்பினர். மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லாலேயே அமைந்தது அது. நவாபின் செயலராகிய ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகன் இயற்றிய பாரசீகச் சொற்கள் அதன் கல்லில் பொறிக்கப்பட்டன. இறைவனை நினைவுகூர்வதன் மேன்மையைக் கூறும் அச்சொற்றொடரின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டினால், கட்டிய ஆண்டாகிய ஹிஜ்ரி 1209 கிடைக்கும். இவ்வாறு தன் பிறந்த காலத்தைத் தானே எடுத்துரைக்கும் கட்டடமாக அது விளங்குகிறது.

அவ்வாண்டு அக்டோபரில் நவாப் மறைந்தார்கள். 1801-இல் நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் நவாப் பட்டமும் ஒழிக்கப்பட்டது. அரண்மனை ஏலத்திற்கு வந்து, அரசு அலுவலகமாயிற்று. 2012-இல் கலஸ் மஹால் தீக்கிரையானது. பின்னர், பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து கொண்டே அது புதுப்பிக்கப்பட்டது. பள்ளிவாசலிலோ, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஐவேளையும் ஸஃபுகள் நிற்கின்றன.

அன்பர்களே! இரண்டும் உறுதியாகவே கட்டப்பட்டவை. ஆயினும் கட்டியவரின் கையில் இருப்பது சென்ற காலம் மட்டுமே. வருங்காலம் பயன்படுத்துவோரின் கையிலும் பழுதுபார்ப்போரின் கையிலும் இருக்கிறது. ஆட்சியாளருக்காகக் கட்டியது ஆட்சியோடு கைமாறியது. மக்களுக்காகக் கட்டியது மக்களின் பயன்பாட்டிலேயே நிலைத்தது.

நாளை நாம் ஒரு சிறு கூடம் கட்டினாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்: இதன் கடன் எவர் தலையில் விழும்? நமக்குப்பின் இதன் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய எவரைப் பழக்கி வைத்திருக்கிறோம்? இவற்றுக்கு விடை கண்டபின் அஸ்திவாரம் தோண்டுவோமாக!

வல்ல ரஹ்மான் நம் பணிகளைப் பொருந்திக்கொள்வானாக! ஆமீன்.